பீடிப்பாட்டு: வீட்டில் பதிந்தது, கேட்டுவிட்டுத் திட்டலாம்

முக்கூடல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வரி, மெட்டு, கீபோர்டு, குரல் எல்லாம் நான்தான். அம்மா பீடி சுற்றுகிறவர், பாட்டும் அவரைப் பற்றித்தான். சாதாரண யூஎஸ்பி கண்டென்சர் மைக், ஆடாசிட்டி என்கிற பதிவு மென்பொருள், எங்கள் வீட்டு முன்னறை. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 92 தட்டு என்று ஓடவிட்டுப் பாடியது. பின்னால் கிரிச் கிரிச் என்று கேட்பது அம்மாவின் கத்தரி. சத்தம் நீக்கும் வசதியை ஓட்டிப் பார்த்தேன், முழுசாகப் போக மாட்டேன் என்கிறது.

பல்லவி:
இலைநறுக்கும் கத்தரிக்கு உறக்கமில்லை அம்மா – உன்
விரல்தேய்ந்த ரேகையிலே விடியுது நம் வீடு

சரணம்:
நனச்சுவச்ச இலைபோல நனஞ்சிருக்கும் கண்ணு – அதை
நாலுபேரு பார்க்காம நறுக்கிவைக்கும் மண்ணு

"சூப்பர் நண்பா" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அதைச் சொந்தக்காரர்கள் சொல்லியாயிற்று.

கொக்கிரகுளம் சவுண்ட்:

தம்பி, குரல் நல்ல குரல், அறைதான் கெடுக்கிறது. கான்கிரீட் தளம், நாலு பக்கமும் பூச்சுச்சுவர், சாமான் குறைவு என்று கேட்டதுமே தெரிகிறது. அறை நடுவில் நின்று பலமாக ஒருதரம் கைதட்டிப் பாரும். தட்டலுக்குப் பின்னால் 'டர்ர்' என்று நீண்டால், எதிரெதிர்ச் சுவர் இரண்டும் சத்தத்தை மாற்றி மாற்றித் தள்ளுகின்றன என்று அர்த்தம். அந்த 'டர்ர்' உம்முடைய ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் மைக்குக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிடுவார்கள். கார்டியாய்டு மைக் முன்பக்கத்துச் சத்தத்தைத்தான் அதிகம் வாங்கும். அதன் முன்பக்கம் இருப்பது நீர், உமக்குப் பின்னால் இருப்பது சுவர். ஆகவே போர்வை உம்ம முதுகுக்குப் பின்னால்தான் தொங்க வேண்டும். துணி பீரோ இருந்தால் கதவைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். மூலையில் மட்டும் நிற்கக் கூடாது, கீழ்ச்சத்தம் குவிந்து குரல் குளறும்.

அப்புறம் "அம்மா" என்கிற இடத்தில் சத்தம் மைக் தாங்குகிற அளவை மீறி, அலை உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. பதியும்போது வெட்டுப்பட்டதைப் பிறகு எந்த மென்பொருளும் ஒழுங்காகத் திருப்பித் தராது. உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும், சத்தத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

சத்தம் நீக்கியை அளவுக்கு மீறி ஓட்டியிருக்கிறீர். கத்தரி போகவில்லை, குரல்தான் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிட்டது. அந்த வசதி ஃபேன், ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு ஆனது. கத்தரி விட்டுவிட்டு வருகிறது, அதற்கு அது சரிப்படாது.

பனங்காட்டு நரி:

போர்வை எதுக்கு அண்ணாச்சி, பத்தமடைப் பாய் இருக்கே. சுவருக்கு நாலு பாய் அடிச்சா நெல்லை ஸ்டூடியோ ரெடி.

மக்கா முக்கூடல், "நறுக்கிவைக்கும் மண்ணு" என்றால் என்னலே? மண் எதை நறுக்கும்? "கண்ணு"க்கு ஒரு ஜோடி வேணும்னு பிடிச்சுக்கொண்டு வந்து உட்கார வச்சிருக்க. பாவம் அது, முழிச்சிக்கிட்டு நிக்கி.

கொக்கிரகுளம் சவுண்ட்:

பத்தமடைப் பாய் படுக்கத்தான் வே. பட்டுப்பாய் கைக்கு எவ்வளவு நயமோ, சத்தத்துக்கு அவ்வளவு மெல்லிசு. மேல்ச்சத்தத்தைக் கொஞ்சம் தணிக்கும், மற்றதெல்லாம் ஊடுருவிப் போய்ச் சுவரில் மோதித் திரும்பும். கனம் வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்தால் அதற்கு ஈடு கிடையாது.

பாளை வாத்தியார்:

மண்ணைப் பற்றி நரி சொன்னது சரிதான். நான் பல்லவியிலேயே நிற்கிறேன்.

"கத்தரிக்கு" என்ற சொல்லில் "கத்" மேல் மெட்டு நீள்கிறது. வல்லின ஒற்றில் மூச்சு அடைபட்டுவிடும், குரல் நிற்க அங்கே இடம் கிடையாது. வேறு வழியில்லாமல் முன்னால் இருக்கிற குறிலை இழுக்கிறீர்கள். கேட்கிறவன் காதில் "காத்தரிக்கு" என்று விழுகிறது. அதற்கு முந்தின சொல்லைப் பாருங்கள், "நறுக்கும்" என்று மகர ஒற்றில் முடிகிறது. ம், ன், ல் எல்லாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முழங்கும். நீட்டலை அங்கே நகர்த்தி, "கத்தரிக்கு" என்பதைச் சட்டென்று வெட்டிப் பாடினால் சொல்லும் பிழைக்கும், கத்தரி வெட்டுகிற உணர்வும் வரும்.

அதே போல முதல் எழுத்திலேயே நீளமான ஸ்வரம் விழுவதால் "இலை", "ஈலை" ஆகிறது. தாளம் விழுந்தபின் அரை இடம் தள்ளி எடுங்கள். முதல் தட்டு வெறுமையாக இருக்கட்டும், "இ" சின்னதாக வந்து "லை"யில் இறங்கட்டும்.

முக்கூடல்காரன்:

ஐயா, எடுப்பை மாற்றிப் பாடிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே உட்காருகிறது. ஆனால் சரணத்தில் சொற்கள் நெருக்கமாக இருப்பதால் மூச்சு வாங்குகிறது. வரிகளைக் குறைத்து எழுதவா?

பாளை வாத்தியார்:

நெருக்கம் குற்றமே இல்லை. நம் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய காவடிச்சிந்தைப் பாடிப் பாருங்கள். மூச்சு விட இடமில்லாத அளவுக்குச் சொற்கள் அடுக்கி வரும். இருந்தாலும் காவடி தூக்கி மலையேறுகிறவர்கள் அதைப் பாடிக்கொண்டு ஆடவும் செய்தார்கள். காரணம், அசைகள் தாள அடி விழும் இடத்தில் சரியாக விழும், இயைபு, அதாவது ஒத்த ஒலியில் முடியும் சொல், வருகிற இடத்தில் மூச்சுக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். உங்கள் சரணத்தில் "நனச்சுவச்ச" என்பதும் "நனஞ்சிருக்கும்" என்பதும் அடுத்தடுத்து வந்து நாக்கைக் கட்டுகின்றன. நனைந்தது இலையா கண்ணா என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஒன்று போதும்.

ராமநதிக்கரை:

நான் கடையம் பக்கம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பீடி சுற்றியவள். இப்போதும் கை சும்மா இருந்தால் ஒரு மாதிரி இருக்கும். பாட்டைக் கேட்டேன் தம்பி. கோபப்படாமல் படிக்கணும்.

இது பீடி சுற்றுகிற பெண் இல்லை, சினிமாவில் வருகிற அம்மா. தேய்ந்த விரல், நனைந்த கண், விடிகிற வீடு. ரேகை தேய்வது உண்மைதான். ஆதார் எடுக்கப் போனபோது விரலை வைத்து வைத்து எடுத்தும் மெஷின் வாங்கவில்லை, அது எனக்கே நடந்தது. ஆனால் நாங்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். மடியில் சுளகு, பக்கத்தில் ரேடியோ, வாசல் நடையில் நாலைந்து பேர். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் ஓடும். சிரிப்புச் சத்தத்தில் ரேடியோ கேட்காது.

உண்மையான எரிச்சல் எது தெரியுமா? முதல்நாள் சாயங்காலம் இலையை நனைத்து வைத்து, மறுநாள் தகட்டை வைத்து நறுக்கி, தூள் போட்டுச் சுற்றி, வாய் மடித்து, நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போட்டு, ஆயிரத்துக்கு நாற்பது கட்டு என்று எண்ணி அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோவோம். அங்கே தரம் பார்க்கிறவர் ஒரு கட்டை உருவி, "வாய் சரியில்லை, சுற்று தளர்வு" என்று கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. இலை தரும்போதே ஓட்டை இலையாகத் தந்துவிட்டு, பீடி குறைந்தால் நாமே இலை வாங்கி ஈடுகட்டணும். இது எதுவும் உன் பாட்டில் இல்லை. உன் அம்மாவிடம் கேட்டுப் பார், இதைத்தான் முதலில் சொல்வாள்.

முக்கூடல்காரன்:

அக்கா, கோபமெல்லாம் இல்லை. ஆனால் இதை ஒரு மகன் பாடுகிற பாட்டாகத்தான் எழுதினேன். மகன் கண்ணுக்குத் தெரிவது விரலும் ராத்திரி வெளிச்சமும்தானே? கடைக்கு அம்மா போகும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

ராமநதிக்கரை:

கழித்த பீடியோடு அம்மா திரும்பி வந்தபோதும் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாயா?

பனங்காட்டு நரி:

அக்கா போட்டுட்டாங்க. 😀

சரி, எனக்கு ஒண்ணு தோணுது. கத்தரிச் சத்தத்தை எதுக்கு அழிக்கணும்? ஒரு கிரிச்சை மட்டும் வெட்டி எடு, 92-க்கு லூப் போடு, கீழே ஒரு கிக் டிரம் கொடு. தாளமாச்சு, ரீல்ஸ்ல பிச்சுக்கும்.

வில்லும் குடமும்:

நரி தம்பி, அந்தக் காரியம் மட்டும் வேண்டாம். கைவேலைச் சத்தம் கடிகாரத்துக்கு ஓடாது. பெரிய இலைக்கு நாலு வெட்டு, சின்னதுக்கு ரெண்டு, கிழிந்த இலை வந்தால் நிற்கும், பேச்சு சுவாரசியமானாலும் நிற்கும். ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் முதல் வரி முடிவதற்குள் அது மெஷின் என்று தெரிந்துபோகும்.

நான் நாங்குநேரி பக்கம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்கு உடுக்கை அடிக்கிறவன். முக்கூடல் தம்பிக்கு நான் சொல்வது வேறு. அந்த மெட்ரோனோமைத் தூக்கி எறியும். பல்லவியை ஆரம்பித்த காலத்திலேயே சரணத்தையும் பாடியிருக்கிறீர், அதனால்தான் கதை நகரவே இல்லை. வில்லில் காப்பு விருத்தம் பாடும்போது இருக்கிற காலம் வேறு, கதையில் சுடலைமாடன் பிறந்து வளரும்போது வேறு, சாமி ஆட்டம் நெருங்கும்போது வேறு. முன்னால் பாடுகிற புலவர், வில்லை அடிக்கிற வீசுகோலை ஓங்குகிற ஓங்கலைப் பார்த்தே குடமும் உடுக்கையும் ஏறும். பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுகிற இடம்கூட நெருங்கி வரும். 92 என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கொக்கிரகுளம் சவுண்ட்:

அண்ணாச்சி, வில்லில் அஞ்சாறு பேர் ஒரே மேடையில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து அடிக்கிறீர்கள். தம்பி ஒற்றை ஆள். குரலை ஒரு நாள், கீபோர்டை மறுநாள் பதிகிறவர். மெட்ரோனோம் கிளிக் இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் கீபோர்டு முன்னால் போய் நிற்கும்.

வில்லும் குடமும்:

அப்படியானால் முதலில் தாளத்தைப் பதியட்டும். ஒரு எவர்சில்வர் குடம் போதும். பாட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே குடத்தைத் தட்டிப் பதிந்துவிட்டு, அதைக் காதில் கேட்டுக்கொண்டு பாடட்டும். கைக்கும் மனசுக்கும் தெரியாத காலமா?

கொக்கிரகுளம் சவுண்ட்:

இது நடக்கும். ரீப்பர் போன்ற மென்பொருளில், தட்டின தட்டுக்கு ஏற்பத் திரையில் இருக்கிற தாளக் கட்டங்களையே வளைத்து வைக்கலாம், கீபோர்டு அந்தக் கட்டத்தைப் பின்தொடரும். ஆனால் கிளிக்கே கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். புதிதாகப் பதிகிறவர்கள் கிளிக்கை விட்டால் ஏறுவது உணர்ச்சியால் இல்லை, பதற்றத்தால். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

தாளத்தைக் கேட்டுப் பாடும்போது ப்ளூடூத் ஹெட்போன் போடாதேயும். சத்தம் காதுக்கு வந்து சேரப் பொதுவாக நூறு மில்லி செகண்டுக்கு மேல் ஆகும், அவ்வளவும் நீர் பின்தங்கிப் பாடுவீர். வயர் உள்ளது நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் அதுதான் மேல்.

பனங்காட்டு நரி:

லூப்பை வாபஸ் வாங்குறேன். ஆனா இதை யாரும் கவனிக்கலையா? "உறக்கமில்லை"யில் சுருதி திருத்தி, அதான் ஆட்டோடியூன், ஓடுது. "லை" இறங்குற இடம் படிக்கட்டு படிக்கட்டா உடைஞ்சு கேக்குது. காருக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நீ. அருணாசலம் நாதஸ்வரத்தில் இழைஞ்ச மண்ணுலே அது!

முக்கூடல்காரன்:

போட்டது உண்மை. போடாவிட்டால் சரணத்தின் உச்சியில் சுருதி விலகுகிறது. விலகினால் முதலில் நீதான் திட்டுவாய்.

ராமநதிக்கரை:

உச்சியில் எட்டவில்லை என்றால் சுருதியை இறக்க வேண்டியதுதானே தம்பி. கீபோர்டை இரண்டு கட்டையில் வைத்திருக்கிறாய் போல. டிரான்ஸ்போஸில் ஒன்று குறைத்தால் ஒன்றரைக் கட்டை. உன் பேச்சுக்குரலே அங்கேதான் இருக்கிறது. எனக்கும் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஐந்தரையில் பாடச் சொல்லிக் குரல் கம்மிப்போகும். அஞ்சுக்கு இறக்கியதும் மூச்சு மிச்சமானது.

கொக்கிரகுளம் சவுண்ட்:

அக்கா சொன்னதுதான் முதல் மருந்து. திருத்தி பன்னிரண்டு ஸ்வரங்களில் எது பக்கமோ அதை நோக்கிக் குரலை இழுக்கும். இழைந்து இறங்குகிற இடம் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில்தான் உயிரோடு இருக்கிறது, திருத்தி அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும். பாட்டு முழுக்கப் போடாமல், விலகிய ஒரு எழுத்தை மட்டும் கையால் தேர்ந்து சரிசெய்தால் தெரியாது.

முக்கூடல்காரன்:

புதுப் பதிவு போட்டிருக்கிறேன். ஒன்றரைக் கட்டை, முதுகுக்குப் பின்னால் மெத்தை, முதலில் குடம், அப்புறம் குரல். பல்லவியில் எடுப்பை மாற்றியாயிற்று. மண்ணை எடுத்துவிட்டேன். சரணம் இப்போது இப்படி:

கட்டுக்கட்டா அடுக்கிவச்சா, கடைக்காரன் கைநுழச்சான்
வாய்மடிப்பு சரியில்லேன்னு வாரியள்ளிக் கழிச்சுப்புட்டான்
கழிச்சபீடி மடியிலிட்டு காப்பித்தண்ணி போட்டுத் தந்தா
கணக்குநோட்டில் எனக்குமட்டும் கட்டம்போடச் சொல்லித் தந்தா

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "கடைக்காரன் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்லா" என்றார்.

கொக்கிரகுளம் சவுண்ட்:

பேரைப் போட்டு வம்பை வாங்காதேயும்.

பதிவு எவ்வளவோ மேல். 'டர்ர்' அடங்கிவிட்டது. அடியில் லேசாக 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் இருக்கிறது, அது கரண்டு. மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிந்து பாரும், பெரும்பாலும் போய்விடும். குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும், அங்கே தெருவில் போகிற லாரிதான் இருக்கிறது.

பாளை வாத்தியார்:

மூன்றாம் வரி, நான்காம் வரி இரண்டும் நல்ல வரிகள். "கழிச்சபீடி மடியிலிட்டு" என்பதில் யாரும் அழவில்லை, ஆனால் கேட்கிறவனுக்கு ஏதோ செய்கிறது. "தந்தா, தந்தா" என்று ஒரே சொல்லை இயைபாக வைத்திருப்பது எனக்கு உறுத்தவில்லை, தாலாட்டிலும் கும்மியிலும் உண்டு. "வாரியள்ளி" மட்டும் ஒரே பொருளை இரண்டு தரம் சொல்கிறது.

ஆனால் இப்போது பல்லவி பின்தங்கிவிட்டது. சரணத்தில் இவ்வளவு நடந்த பிறகு மறுபடியும் "விடியுது நம் வீடு" என்று வந்து நிற்கும்போது பழைய அம்மா திரும்பிவிடுகிறாள்.

ராமநதிக்கரை:

ஆமாம் ஐயா, எனக்கும் அதேதான். கணக்குநோட்டு வரி பிடித்திருக்கிறது தம்பி. எங்கள் வீட்டிலும் பீடிக்கடைப் பாஸ்புக்கில் கழிவு எழுதுகிற அன்றைக்குத்தான் பிள்ளைகளை அதிகம் படிக்கச் சொல்வோம்.

பல்லவியின் இரண்டாம் வரியை எடுத்துவிட்டு, முதல் வரியையே இரண்டு தரம் பாடிப் பாரேன். "உறக்கமில்லை அம்மா" என்பதோடு நிற்கட்டும்.

முக்கூடல்காரன்:

முதல் வரியை இரண்டு தரம் பாடலாம் அக்கா. ஆனால் ரேகை வரியை எடுக்க மனசில்லை. நீங்களே ஆதார் கதை சொன்னீர்கள் அல்லவா, அதை வைத்து இரண்டாம் சரணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரேகை அங்கே போகட்டும், விடிகிற வீட்டை எடுத்துவிடுகிறேன்.

பனங்காட்டு நரி:

அந்த மெஷின் விரலை ஏத்துக்காம "மறுபடி வைங்க, மறுபடி வைங்க"ன்னு சொல்றதையே பின்பாட்டா வைலே. வில்லு அண்ணாச்சி "ஆமா" போடுற மாதிரி.

வில்லும் குடமும்:

அட, இது நல்ல யோசனை. பின்பாட்டுக் குரல் கொஞ்சம் தள்ளி நின்று பாடணும், மைக்கிடம் ஒட்டிக்கொண்டு பாடக் கூடாது.

இழையைத் திருப்புகிறேன், மன்னிக்கணும். எங்கள் குழு ஒத்திகையைப் பேரன் போனில் பதிந்தான், அதையும் போட்டிருக்கிறேன். புலவர் பாடுவது ஒரு சொல் விளங்கவில்லை. வில்லின் மணிச்சத்தம் மட்டும்தான் கேட்கிறது. வீசுகோல் விழுந்ததும் எல்லாம் அமுங்கிப்போய், பிறகு மெதுவாக எழும்பி வருகிறது. போன் பழுதா?

கொக்கிரகுளம் சவுண்ட்:

போன் பழுதில்லை அண்ணாச்சி. பேச்சுக்காகச் செய்த வசதி அது. பெரிய சத்தம் வந்தால் தானே மட்டத்தைக் குறைக்கும், அடங்கினால் தானே கூட்டும். வீசுகோல் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் அது பயந்து கீழே இறங்குகிறது. தானியங்கி மட்டத்தை நிறுத்தவிடுகிற ரெக்கார்டர் செயலி ஒன்றை ஏற்றச் சொல்லுங்கள், மட்டத்தைக் கையால் குறைத்து வைத்துவிடலாம்.

மீதியைத் தூரத்தால் சரிசெய்ய வேண்டும். மைக் ஒன்றே என்றால் உட்காரும் இடம்தான் மிக்ஸிங். புலவர் வாய்க்கு இரண்டு சாண் முன்னால், கொஞ்சம் மேலே வைத்து, வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். பின்பாட்டு அவருக்கு ஒரு கை தூரம் பின்னால். உடுக்கையும் குடமும் பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளி. தாளக்காரர் எல்லாருக்கும் பின்னால், ஜால்ரா எங்கே வைத்தாலும் கேட்கும். வில்தான் சிக்கல், அது புலவரின் முன்னால்தான் இருந்தாக வேண்டும். ஒத்திகைக்கு மட்டும் மணிகளில் பாதியைத் துணியால் கட்டிவிட்டால் என்ன?

வில்லும் குடமும்:

மணியைக் கட்டினால் புலவர் பாட மாட்டார்.

கொக்கிரகுளம் சவுண்ட்:

அப்படியானால் மைக்கைப் புலவர் தலைக்கு மேலே ஏற்றி, கீழ்நோக்கி அவர் வாயைப் பார்க்க வையுங்கள். மணிக்கும் மைக்குக்கும் இடைவெளி கூடும். ஓலைக்கொட்டகையில் பதிந்தால் இன்னும் நல்லது, ஓலை சத்தத்தைத் திருப்பி அனுப்பாது. தகரக்கொட்டகை வேண்டவே வேண்டாம்.

ராமநதிக்கரை:

முக்கூடல் தம்பி, அந்த "மறுபடி வைங்க"வைப் பெண்குரலில் வைத்தால் நன்றாக இருக்கும். நான் பாடி அனுப்பவா? குடம் தட்டினதை மட்டும் தனியாக அனுப்பு, அதைக் கேட்டுப் பாடுகிறேன். என்னிடம் போன்தான் இருக்கிறது, மைக் இல்லை.

முக்கூடல்காரன்:

அனுப்புங்கள் அக்கா, போன் போதும். குடத்தை இன்று ராத்திரியே அனுப்புகிறேன்.

கொக்கிரகுளம் சவுண்ட்:

ரெண்டு பேரும் வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். வேவ் ஃபைலாக, டாக்குமெண்டாக அனுப்புங்கள். எல்லாம் வந்ததும் நான் சேர்த்துத் தருகிறேன். வெள்ளி, சனி எனக்கு ஒரு கொடைக்கு மைக்செட் இருக்கிறது, ஞாயிறு பகலில் தூங்கிவிட்டுத்தான் தொடுவேன்.